தண்ணீரில்லாத ஆற்றைத் தாண்டும் ஸ்கூட்டர்

“மீசை கருகினா அதுக்குப் பொம்பளதான் காரணமா இருக்கணுமாம்மா?” என்று கேட்டாள் காந்தா.

“வேற எப்படிக் கருகும்? எங்க வூட்டு அடுப்புப் பக்கம் அவரு எட்டிக்கூடப் பாத்தது இல்ல. எவ வூட்டு அடுப்பையோ ஊதிக்கினு இருக்காரு,” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த தையல்நாயகி. சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

துப்பறியும் நிபுணர் தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் கண்ணை மூடினால் ஆழ்ந்து யோசிக்கிறார் என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தூங்குகிறார் என்பது உதவியாளர் காந்தாவுக்கு மட்டும்தான் தெரியும். காஞ்சிபுரம் ராஜவீதியில், காபிப்பொடிக் கடையின் மாடியில் அவர்களுடைய அலுவலகம். கீழே நாளெல்லாம் காபிக்கொட்டை வறுபட்டுக்கொண்டிருக்க, மேலே ஒரு மனுஷருக்குத் தூக்கம் வருகிறது என்றால் அது தனித் திறமைதான்.

“சார், கேஸ்!” காந்தா மேஜையைத் தட்டினாள்.

“கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். புருஷன் பெயர் வீரபாகு. பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி. மேலே சொல்லம்மா,” என்றார் தணிகாசலம். அவர் எப்போதும் புத்தகத் தமிழில்தான் பேசுவார். துப்பறிவாளருக்கு அதுதான் அழகு என்று யாரோ அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

மேலே சொல்ல நிறைய இருந்தது. கொஞ்ச நாளாக மத்தியானமானால் வீரபாகு தறியை விட்டு எழுந்து, ‘முதலாளியப் பாத்துட்டு வரேன்’ என்று கிளம்பிவிடுகிறார். தறியில் அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சேலையின் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுகிறவள் தையல்நாயகி. அவர் எழுந்தால் அவளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். திரும்பி வரும்போது ஒருநாள் முழங்காலில் சிராய்ப்பு, ஒருநாள் முதுகில் வீக்கம், ஒருநாள் மீசை கருகல். நேற்றுக் காலையில் போனவர் இன்னும் வீடு திரும்பவில்லை. ஜவுளிக்கடை முதலாளி துரைக்கண்ணுவிடம் போய்க் கேட்டால், ‘உம் புருஷனப் பாத்தே ரொம்ப நாளாச்சும்மா’ என்று கையை விரிக்கிறார்.

“இன்னொருத்தி இருந்தாக்கூடப் பரவால்ல சார். வெளக்கமாத்த எடுத்துக்கினு போய் நானே பேசிக்கறேன். ஆளு உசுரோட இருக்காரான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க,” என்றபோது அவள் குரல் உடைந்தது. அதுவரை குறும்பாகப் பார்த்துக்கொண்டிருந்த காந்தா சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

“தடயம் ஏதாவது?” என்றார் தணிகாசலம்.

தையல்நாயகி இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னப் பொருளை மேஜைமேல் வைத்தாள். அடியில் இரும்பு, மேலே வெள்ளைப் பீங்கான். “அவரு சட்டைப் பையில இருந்துது. செண்டு பாட்டிலுன்னு நெனச்சேன். மோந்து பாத்தா மண்ணெண்ண நாத்தம் அடிக்குது.”

தணிகாசலம் பூதக்கண்ணாடியை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். முகம் கறுத்தது. “மாந்திரீகம்! மலையாள தேசத்து வேலை.”

“ஸ்பார்க் பிளக் சார். ஸ்கூட்டர் எஞ்சின்ல இருக்கறது. நம்ம வண்டில நான் அடிக்கடி கழட்டித் தொடைக்கறேனே, அப்பல்லாம் நீங்க யோசிச்சிக்கினு இருப்பீங்க,” என்றாள் காந்தா.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கட்டிய ஜட்கா ஒன்று வீதியில் வந்தது.

“அன்பார்ந்த காஞ்சி மாநகர மக்களே! இன்று மாலை வேகவதிக் கரையில், பம்பாய் புகழ் ஸ்கூட்டர் சூறாவளி, முகமூடி அணிந்து, கருடன் ஸ்கூட்டரில் ஆற்றைத் தாண்டிப் பறக்கிறார்! நெருப்பு வளையத்துக்குள் நுழைந்து வந்த அதே மாவீரர்! அனைவரும் வருக! கருடன் ஸ்கூட்டர் முன்பதிவுக்கு அணுகவும், துரைக்கண்ணு அன் கோ!”

“நெருப்பு வளையம்,” என்றாள் காந்தா.

“துரைக்கண்ணு,” என்றாள் தையல்நாயகி.

“நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்,” என்று தணிகாசலம் குடையை எடுத்துக்கொண்டார்.

துரைக்கண்ணுவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பட்டு விற்றுச் சம்பாதித்தது போதாதென்று அந்த மனிதர் ஸ்கூட்டர் ஏஜென்சி எடுத்திருந்தார். அந்தக் காலத்தில் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தவன், வண்டி கைக்கு வருவதற்குள் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவான். தணிகாசலமே அப்படித்தான். வாலிபத்தில் பதிவு செய்தார். வண்டி வந்தபோது அவருக்கு முழங்கால் வலி வந்து, தைரியம் போயிருந்தது. இன்று வரை அதை ஓட்டுகிறவள் காந்தாதான். துரைக்கண்ணுவின் கருடனோ பணம் கட்டினால் உடனே கிடைக்கும். உடனே கிடைக்கிற பொருளை நம் ஜனங்கள் நம்புவார்களா? தட்டினால் தகர டப்பாச் சத்தம், தும்மினால் நசுங்கும், கருடன் இல்லை அப்பளம் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தச் சூறாவளி வந்து இறங்கியிருந்தான். அவன் வந்த நாள் முதல் ஊர்ப் பையன்கள் வாடகை சைக்கிளில் கையை விட்டு ஓட்டுவதும், சீட்டில் நின்றுகொண்டு ஓட்டுவதுமாக இருந்ததில், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர் வாசலில் கருடசேவைக் கூட்டம்.

மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். பின் சீட்டில் தணிகாசலமும் தையல்நாயகியும் ஒட்டி உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும்? ஆகவே தையல்நாயகி பின்னால் உட்கார்ந்தாள். பிரபல துப்பறிவாளர் முன்னால், கால் வைக்கும் இடத்தில், சின்னப் பிள்ளைகள் நிற்பார்களே அப்படி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். நல்லவேளையாக அவர் குள்ளம்.

“சார், கொஞ்சம் குனிஞ்சுக்கங்க. மாடு தெரியல,” என்றாள் காந்தா.

“நான் தடயம் பார்த்துக்கொண்டு வருகிறேன்.”

“எங்க?”

“என் காலடியில்,” என்றார் அவர். காந்தா பதில் சொல்வதற்குள் மாடு வந்துவிட்டது.

வேகவதிக் கரையில் திருவிழாக் கூட்டம். ஆற்றில் தண்ணீர் கிடையாது. மழைக்காலத்தில் ஓடும், மற்ற நாட்களில் சலவைக்காரர்களுக்கும் ஆடுகளுக்கும் மைதானமாக இருக்கும். இரண்டு கரையிலும் வேலி போட்டு வேலி போட்டு ஆறு மெலிந்துபோய், இந்த இடத்தில் ஒரு பெரிய வாய்க்கால் அளவுக்கு வந்திருந்தது. பிள்ளையார்பாளையத்துப் பக்கம் தேக்குமரச் சட்டங்கள் கொடுத்து, மேலே ஏறிப் போகிற பலகைச் சரிவு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். எதிரே திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் யாரும் நெருங்காதபடி கயிறு கட்டி, படுகை வரைக்கும் தொங்குகிற ஒரு பெரிய வண்ணத் துணியைக் கட்டியிருந்தார்கள். இறக்கை விரித்த கருடன் அதில் பல்லைக் காட்டிச் சிரித்தது.

பந்தலில் சாகச வண்டியைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். பக்கத்தில் வெயிலில் வெந்துகொண்டு, தோல் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சூறாவளி நின்றான். காலில் வெள்ளை வெளேரென்ற பூட்ஸ். அதில் ஒரு கீறல் கிடையாது, ஒரு எண்ணெய்ச் சொட்டு கிடையாது.

“வணக்கம் சூறாவளி சார்! உங்க ரசிகை நான். இந்த வண்டிக்கு பெட்ரோல் எங்க ஊத்துவாங்க?” என்று கேட்டாள் காந்தா.

சூறாவளி புன்னகையோடு முன்விளக்கைத் தொட்டுக் காட்டினான். “இதர்! இங்கேதான். அதனாலதான் லைட்டு இவ்ளோ பிரகாசமா எரியறான்.”

“ஆஹா!” என்றாள் காந்தா. சீட்டைத் தூக்கினால் பெட்ரோல் டாங்கின் மூடி தெரியும் என்பது ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். இந்த ஆளுக்கும் ஸ்கூட்டருக்கும் உள்ள சம்பந்தம், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. அப்படியானால் நெருப்பு வளையத்தில் நுழைந்தவன் யார்?

திரும்பிப் பார்த்தால் தணிகாசலம் வண்டியின் முன்னால் மண்டி போட்டு, கால் வைக்கும் ரப்பர் விரிப்பைப் பூதக்கண்ணாடியால் மேய்ந்துகொண்டிருந்தார்.

“காந்தா, நம் வண்டியில் இந்த ரப்பர் வலது பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. ஏன்?”

“பிரேக் அங்கதான இருக்குது? வலது கால்தான மிதிக்கும்?”

“இடது காலுக்கு என்ன வேலை?”

“ஸ்கூட்டர்ல இடது காலுக்கு வேலையே கிடையாது சார். சும்மா கூட வர்ற கால் அது. மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.”

“இதைப் பார்.”

காந்தா குனிந்து பார்த்தாள். வலது பக்கம் ரப்பர் தேய்ந்திருந்தது. இடது பக்கம் கிழிந்தே போய்த் தகரம் தெரிந்தது. ஒரு பெடலும் இல்லாத வெற்று இடத்தில், யாரோ நாள்தோறும் ஓங்கி ஓங்கி மிதித்திருக்கிறார்கள்.

தணிகாசலம் எழுந்து, பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். “வலது கால் பிரேக்கை மிதிக்கிறது. வலது கால் எழும்போது, அவனை அறியாமலே இடது கால் இறங்குகிறது. இப்படி. வலது, இடது. வலது, இடது.” பிரபல துப்பறிவாளர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி காலை மாற்றி மாற்றித் தரையில் உதைத்தார். பார்த்தவர்கள் அவருக்கு ஏதோ வலிப்பு என்று ஒதுங்கினார்கள்.

தையல்நாயகி மட்டும் ஒதுங்கவில்லை. “தறி மிதிக்கிறாப்பல இருக்குது சார்,” என்றாள் மெல்ல. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. “ஐயோ! எங்க வூட்டுக்காரரா?”

“அவர்தான் அம்மா. ஸ்கூட்டர் எங்கே கற்றார்?”

“முதலாளி கடை வண்டில சேலை மூட்டை எடுத்துக்கினு ரயிலடிக்குப் போவாரு. இந்த ஆளு அவரப் பாக்கவே இல்லைன்னு சொன்னானே!”

இந்த ஆள் என்று அவள் காட்டிய துரைக்கண்ணு அப்போதுதான் கதர் ஜிப்பா சரசரக்கப் பந்தலுக்குள் வந்தார். நெற்றியில் சந்தனம், வாயில் வெற்றிலை, முகத்தில் அடுத்த நகராட்சித் தேர்தல். தையல்நாயகியைப் பார்த்ததும் வெற்றிலை ஒரு கணம் நின்றது. பிறகு மென்றது.

“என்னம்மா இது, கூட்டத்துல வந்து கலாட்டா? வூட்டுக்குப் போ. தணிகாசலம் சார், நீங்களுமா? முன்வரிசைல நாற்காலி போடச் சொல்றேன், சோடா குடிங்க. டேய், வண்டிய எடுத்துக்கினு போங்கடா, நேரமாச்சு!”

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சூறாவளியும் அவசரமாகக் கூடாரத்துக்குள் நுழைந்தான். முன்வரிசையில் ஒரு போலீஸ்காரர் ஏற்கெனவே துரைக்கண்ணுவின் சோடாவோடு உட்கார்ந்திருந்தார். புகார் என்றதும், “தாண்டி முடியட்டும், அப்புறம் எழுதிக்கலாம்,” என்றார்.

“அப்ப ஆளு உசுரோடதான் இருக்காரு!” தையல்நாயகிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “தாண்டிட்டு வரட்டும், வச்சிக்கறேன்.”

கேஸ் முடிந்துவிட்டது என்று தணிகாசலம் கண்ணை மூடப் போனார். ஆனால் காந்தாவுக்கு மனசு ஒப்பவில்லை. எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கூடாரத்தின் பின்பக்கம் போய்த் துணியை விலக்கிப் பார்த்தாள். பார்த்தவள் ஓட்டமாகத் திரும்பி வந்தாள்.

“சார், உள்ள இன்னொரு கருடன் நிக்குது. புத்தம் புதுசு, ஒரு கீறல் இல்ல. ஒருத்தன் கூடைல ஆத்து மணலை அள்ளி அது மேல தூவிக்கினு இருக்கான்.”

“மணலா?”

“அது மட்டும் இல்ல. சூறாவளிக்குக் கைல கட்டுப் போட்டு, தலைலயும் கட்டுப் போட்டு, செவப்பு மை தெளிக்கறாங்க. அவன் பம்பாயும் இல்ல, கிம்பாயும் இல்ல சார். ‘ரத்தம் ரொம்ப வேணாம்பா, போன நாடகத்துல துரியோதனன் கோட்டு வீணாப்போச்சு’ன்னு சுத்தமான ஆரணித் தமிழ்ல சொல்றான்.”

தணிகாசலத்தின் கண் முழுதாகத் திறந்தது. அவரிடம் வேலை பார்க்க வந்த நாளாக அந்தக் கண்களை இவ்வளவு பெரிதாகக் காந்தா பார்த்ததில்லை.

“விழுவதற்கு முன்பே கட்டா?” என்றார். “காந்தா, இவர்கள் தாண்டுவதைக் காட்ட வரவில்லை. விழுவதைக் காட்ட வந்திருக்கிறார்கள். வண்டி ஆற்றில் விழும். கூட்டம் அலறும். கொஞ்ச நேரத்தில் மணலோடு புது வண்டியைத் தூக்கி வருவார்கள், ஒரு கீறல் இருக்காது. கட்டோடு சூறாவளி வந்து கும்பிடு போடுவான். விழுந்தாலும் உடையாத கருடன்! நாளைக்கு ஊரே பணம் கட்டும்.”

“நெஜமா விழுந்தவரு?”

“முகமூடிக்குள் யார் இருந்தார் என்று யாருக்குத் தெரியும்? வீரபாகுவை நேற்றிலிருந்து வீட்டுக்கு விடாமல் வைத்துக்கொண்டு, தான் பார்க்கவே இல்லை என்று துரைக்கண்ணு முன்கூட்டியே சொல்லிவிட்டாரே.”

“அவருக்குக் கட்டு எடுத்து வைக்கல சார்,” என்றாள் காந்தா. அவளுக்கு வேடிக்கையாகப் பேச வரவில்லை.

பாண்டு வாத்தியம் முழங்க, சிவப்புப் பட்டு முகமூடி அணிந்த உருவம் ஒன்று வண்டியோடு தூரத்தில் வந்து நின்றது. கூட்டம் விசிலடித்தது. உருவம் ஒரு கையைத் தூக்கியது. நாளெல்லாம் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதனுக்கு, ஒரு ஊரே விசிலடித்தால் எப்படி இருக்கும்? அந்தக் கை இறங்கவே மனசில்லாமல் மேலேயே நின்றது.

“அவரு தோளுதான் அது! இந்தாங்க! இங்க பாருங்க!” தையல்நாயகி கத்தியது பாண்டு சத்தத்தில் கரைந்துபோயிற்று. தடுப்புக் கயிற்றைத் தாண்டப் பார்த்தவளைத் துரைக்கண்ணுவின் ஆட்கள் பிடித்துத் தள்ளினார்கள்.

“அம்மா, தறி ஓடும்போது அவரைச் சட்டென்று நிறுத்த வேண்டுமானால் நீ என்ன சொல்வாய்?” என்று கேட்டார் தணிகாசலம்.

“எதுக்கு சார் நிறுத்தணும்? இழை அறுந்தாத்தான் நிறுத்துவோம். ‘இழை போச்சு’ம்பேன். காதுல வுழறதுக்கு முன்னாடி கால் நின்னுடும் அவருக்கு.”

காந்தா அதற்குமேல் கேட்கவில்லை. தையல்நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள். துரைக்கண்ணு ஒரு கையில் கொடியும் ஒரு கையில் மைக்குமாக, கருடனுக்கும் காஞ்சிக்கும் உள்ள பூர்வஜன்ம பந்தத்தைப் பற்றிப் பேசி முடித்திருந்தார்.

“முதலாளி! கடவுள் வாழ்த்து பாடாம ஆரம்பிக்கறீங்களே, ஜனங்க என்ன நெனப்பாங்க?” என்றாள் காந்தா உரக்க. “நாங்க ரெண்டு பேரும் பாடறோம்.”

முன்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. தேர்தலில் நிற்கப்போகிறவர் கடவுள் வாழ்த்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கை நீட்டினார். ஆனால் ஆள் கில்லாடி. “பாட்டு பாடிக்கினே இருக்கட்டும். வீரர் பறக்கட்டும்!” என்று கொடியை அசைத்துவிட்டார்.

கருடன் உறுமியது. புழுதி கிளம்பியது. முகமூடி உருவம் குனிந்து, பலகைச் சரிவை நோக்கிப் பறந்து வந்தது. காந்தா மைக்கைத் தையல்நாயகியின் வாயருகே பிடித்தாள். அத்தனை கூட்டத்தைப் பார்த்து அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வண்டியின் முன்சக்கரம் பலகையில் ஏறியது. பாதிச் சரிவு ஏறியது.

“இழை போச்சு!”

இரண்டு கரையிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் அத்தனையும் அதை அலறின.

ஓடுகிற எஞ்சின், கத்துகிற கூட்டம், ஆறு, ஆகாயம் எதுவும் அந்தக் கால்களுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஓங்கி ஊன்றின. இடது கால் வெற்றுத் தகரத்தில் இறங்கியது. வலது கால் பிரேக்கில் இறங்கியது. வண்டி கிறீச்சிட்டுப் பக்கவாட்டில் வழுக்கி, பலகையின் விளிம்பில் போய் நின்றது. முன்சக்கரம் மட்டும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

கூட்டம் கூவ ஆரம்பித்தது. “ஏமாத்து! ஏமாத்து!” செருப்பு ஒன்று மேடையில் வந்து விழுந்தது.

துரைக்கண்ணு மைக்கைப் பிடுங்கினார். அந்த மனிதருடைய மூளையைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும், அது வேகமாக வேலை செய்யும் என்பதை மறுக்க முடியாது. “பொதுமக்களே! பார்த்தீர்களா பிரேக்கை? பறக்கிற வண்டி யாரிடமும் இருக்கும். சாவின் விளிம்பில் இப்படி நிற்கிற வண்டி கருடன் ஒன்றுதான்! இதுதான் இன்றைய நிகழ்ச்சியே!”

கூவிய கூட்டம் கைதட்டியது. செருப்பு எறிந்தவனே முதல் ஆளாக முன்பதிவுப் பந்தலுக்கு ஓடினான். காந்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

பலகையிலிருந்து இறங்கி வந்த உருவம் முகமூடியைப் பிய்த்தெடுத்தது. “அட, நம்ம வீரபாகுடா!” என்று பிள்ளையார்பாளையத்துக் குரல்கள் கிளம்பின. வீரபாகு யாரையும் கவனிக்கவில்லை. நேரே மனைவியிடம் வந்தார். கருகிய மீசை துடித்தது.

“ஏன்டி நிறுத்தின? இன்னும் ரெண்டு கஜம்! பறந்திருப்பேன்டி. காலம்பூரா குழில காலத் தொங்கவுட்டுக்கினு கெடக்கறேனே, ஒரே ஒரு தடவை மேல போயிருப்பேன். அதுகூட உனக்குப் பொறுக்கலையா?”

“உங்களச் சாவடிக்கப் பாத்தாங்க!”

“யாரு சொன்னது? இந்தக் குள்ள மனுஷரா? அந்தப் பக்கம் துணியக் கிழிச்சிக்கினு எறங்கறதுக்குப் பலகை போட்டிருக்குது. முதலாளியே நின்னு போட்டேன்னு சொன்னாரு.”

தணிகாசலத்திடம் இருந்ததெல்லாம் ஒரு கிழிந்த ரப்பரும், சிவப்பு மை தெளித்த ஒரு கட்டும்தான். எதிர்க்கரையில் துணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அவரும் பார்க்கவில்லை.

இதற்குள் துரைக்கண்ணு மைக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்து வீரபாகுவின் தோளில் மறு கையைப் போட்டார். “பிரமாதம்பா! அடுத்த வாரம் ஆரணில. இதே மாதிரி விளிம்புல வந்து நிறுத்து. பேசின வண்டி உனக்குத்தான்.”

தையல்நாயகி அவர்களுக்கு நடுவில் வந்தாள். புருஷனின் கையிலிருந்த சிவப்பு முகமூடியை வாங்கினாள். எட்டி, துரைக்கண்ணுவின் தலையில் அதை மாட்டி, கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள்.

“இதப் போட்டுக்கினா யாரு வேணா சூறாவளிதானே? ஆரணி வரைக்கும் எதுக்கு முதலாளி? நீங்களே இப்ப ஒரு தடவ தாண்டிக் காட்டுங்க.”

சிரிப்பு எங்கேயோ ஓர் ஓரத்தில்தான் ஆரம்பித்தது. அப்புறம் யாரோ ஒருவன், “தாண்டு!” என்றான். பத்துப் பேர் சொன்னார்கள். நூறு பேர் சொன்னார்கள். வேகவதியின் இரு கரையும் “தாண்டு! தாண்டு!” என்று கைதட்டிக் கத்தியது. இளவட்டங்கள் நாலு பேர் முதலாளியை அலாக்காகத் தூக்கி, கருடனின் சீட்டில் வைத்து, பலகைச் சரிவின் அடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். காந்தா மிகுந்த மரியாதையோடு வண்டியைக் கொஞ்சம் சாய்த்து நிமிர்த்தி ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து கொடுத்தாள்.

“கைப்பிடியத் திருகினாப் போதும் முதலாளி. பிரேக்கு அருமையா பிடிக்கும்னு நீங்களே சொல்லிட்டீங்க,” என்றாள்.

வண்டி அடியில் அதிர்ந்தது. இரண்டு இளவட்டங்கள் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினார்கள். முன்சக்கரம் பலகையைத் தொட்டது. முகமூடிக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. கையில் இன்னும் பிடித்துக்கொண்டிருந்த மைக் அதை இரண்டு கரைக்கும் கொண்டு சேர்த்தது.

“ஐயோ வேணாம்! வுட்ருங்க! அந்தப் பக்கம் பலகையே இல்லைய்யா! வெறும் துணிதான் கட்டியிருக்குது! ஆத்துல மணலு, மெத்தையாட்டம் இருக்கும், ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்யா!”

கைதட்டல் நின்றது. பாண்டு நின்றது. எதிர்க்கரையில் யாரோ போய்ச் சிரிக்கிற கருடனைப் பிடித்து இழுத்தார்கள். துணி சரிந்தது. பின்னால் நாலு மூங்கில் நின்றது. மூங்கிலுக்குக் கீழே மணல்கூட இல்லை. வீடு கட்டுகிறவர்கள் வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போனது போக, கரடுமுரடான பாறைதான் மிஞ்சியிருந்தது. முன்வரிசைப் போலீஸ்காரர் சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

வீரபாகு அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். தையல்நாயகியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வண்டி தரேன்னு சொன்னாருடி,” என்றார் அவர், சின்னப் பிள்ளை மாதிரி. “நம்ம ரெண்டு பேரும் அதுல போலாம்னு நெனச்சேன்.”